விற்காத கேசட் யார் தலையில் விழும்: அடாரி கவிழ்ந்ததும் நின்டெண்டோ நின்றதும்

நீங்கள் கேட்டது இது: "வீடியோ கேம் கம்பெனிகள் மெஷினை நஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டு கேமில் காசு பார்க்கும், ரேஸரைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதிப்பது போல என்று எம்.பி.ஏ. வகுப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் அதே வழியில் போன அடாரி 1983-இல் ஏன் கவிழ்ந்தது, நின்டெண்டோ மட்டும் எப்படி ஜெயித்தது? ஈ.டி. என்ற ஒரு மோசமான கேம்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?" மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஒரே சந்தேகம்தான். ஒரே வியாபார முறை ஒருவரைத் தூக்கிவிட்டு இன்னொருவரை ஏன் அமுக்கியது என்பதுதான் அது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் செய்ததும் ஒரே வியாபாரம் கிடையாது. விற்காமல் தேங்குகிற சரக்கு யார் கணக்கில் ஏறும் என்பதை நின்டெண்டோ ஒவ்வொரு கட்டத்திலும் யோசித்து முடிவு செய்தது. அடாரி அதைப் பற்றி யோசித்த மாதிரியே தெரியவில்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள். 90-களின் நடுவில் சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சின்னக் கடையில் வீடியோ கேம் ரிப்பேர் பார்த்து ஆரம்பித்தேன், அப்புறம் இருபது வருடத்துக்கு மேலாக வீட்டு உபயோக மெஷின்களுக்குக் கன்ட்ரோல் போர்டு வடிவமைப்பதும், அதற்கு எந்தச் சிப்பை எத்தனை வாங்குவது என்று கணக்குப் போடுவதுமே வேலை. அதனால் சர்க்யூட், சிப், ஸ்டாக் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கோர்ட்டு, பங்குச் சந்தை விஷயங்கள் நான் ஆர்வத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. எங்கே என் ஊகம் வருகிறதோ அங்கே ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

சரி, முதலில் அந்த ரேஸர் கதை. அடாரிக்கு அது பாதிதான் பொருந்தும். அடாரியின் வி.சி.எஸ். மெஷின் (பின்னால் 2600 என்று பெயர் வாங்கியது) 1977 செப்டம்பரில் 199 டாலருக்கு வந்தது. 80-களின் தொடக்கத்தில் அதைச் செய்ய சுமார் 40 டாலர் ஆனது, சராசரியாக 125 டாலருக்கு விற்றது என்று அந்தக் காலக் கணக்குகள் சொல்கின்றன. ஒரு கேசட் செய்ய நாலரையிலிருந்து 6 டாலர், விளம்பரத்துக்கு ஒன்றிரண்டு டாலர், கடைக்காரர் வாங்குகிற மொத்த விலை 18.95. (கார்ட்ரிட்ஜ் என்பதுதான் சரியான பெயர், ஆனால் நம் ஊரில் எல்லோரும் கேசட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், நானும் அப்படியே சொல்கிறேன்.) ஆக மெஷினிலும் லாபம், கேசட்டிலும் லாபம். மெஷினை நஷ்டத்துக்கு விற்கிற முறை பிற்காலத்தில்தான் இந்தத் தொழிலில் வழக்கமானது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் ஊகம் ஒன்று உண்டு. மெஷினில் நஷ்டப்படுகிறவன், அடுத்தவன் அதற்குக் கேசட் போட்டுவிடாமல் இருக்க முதல் நாளே பூட்டு தேடுவான். இரண்டு பக்கமும் காசு வந்துகொண்டிருந்த அடாரிக்கு அந்தப் பயம் வரவில்லை.

இதற்கு முன்னால் நடந்ததையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் 1983-க்கு ஒரு ஒத்திகை 1977-லேயே நடந்துவிட்டது. வீட்டு டிவியில் விளையாடும் யோசனையை 1966-இல் எழுதி வைத்தவர் ரால்ஃப் பேயர், நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் என்ற ராணுவ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஜினியர். அந்தக் கம்பெனி அதைத் தானே விற்கவில்லை, மேக்னவாக்ஸ் என்ற டிவி கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. 1972-இல் ஒடிஸி என்ற பெயரில் சுமார் 100 டாலருக்கு வந்தது. அதற்குள் பிராசஸர் கிடையாது, மெமரி கிடையாது, சத்தம் கிடையாது, திரையில் ஸ்கோர் கூட வராது. நாற்பது சொச்சம் டிரான்சிஸ்டர், அதே அளவு டையோடு, அவ்வளவுதான். டிவி கண்ணாடி மேல் ஒட்ட வண்ண பிளாஸ்டிக் தாள், கூடவே பகடை, காகிதப் பணம். செருகுகிற அட்டைகளில் கேம் எதுவும் பதிந்திருக்காது, உள்ளே இருக்கும் வயரிங்கை மாற்றி இணைக்கிற ஜம்பர்தான் அந்த அட்டை. மேக்னவாக்ஸ் அதைத் தன் டிவி டீலர்கள் மூலமாகத்தான் விற்றது, மேக்னவாக்ஸ் டிவியில் மட்டும்தான் ஓடும் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் சுமார் மூன்றரை லட்சம் விற்றது. ஆனால் பேயரின் பேட்டன்ட்டை வைத்து அடுத்த இருபது வருடம் வழக்குப் போட்டும் உரிமம் கொடுத்தும் அந்த இரண்டு கம்பெனிகளும் வாங்கிய தொகை 10 கோடி டாலரைத் தாண்டியது என்பார்கள். ஒரு பொருளைச் செய்கிற செலவே இல்லாமல், தேங்குகிற சரக்கே இல்லாமல் வந்த காசு அது.

அதில் முதல் கட்டணம் கட்டியவர்களில் அடாரியும் உண்டு. நோலன் புஷ்னல் 1972 மே மாதம் ஒடிஸி செயல்விளக்கத்தைப் பார்த்தார், ஜூனில் டெட் டேப்னியோடு சேர்ந்து அடாரியைப் பதிவு செய்தார், ஆலன் ஆல்கார்ன் பாங் செய்தார், இரண்டு மட்டையும் ஒரு பந்தும் மட்டும் உள்ள டேபிள் டென்னிஸ் கேம் அது. சன்னிவேலில் ஒரு மதுக்கடையில் வைத்த முதல் மெஷின், காசுப் பெட்டி நிரம்பி வழிந்து நின்றுபோன கதை பிரபலம். மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டது, 1976-இல் அடாரி சமாதானமாகப் போய் உரிமம் வாங்கிக்கொண்டது. வீட்டு பாங் 1975 கிறிஸ்துமஸுக்கு சியர்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் கடைத்தொடரில் வந்தது. சியர்ஸ் கேட்டது ஒன்றரை லட்சம் மெஷின்.

1976-இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி பாங் விளையாட்டு முழுவதையும் ஒரே சிப்பில் அடக்கி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. ஏ.ஒய்-3-8500 என்று அந்தச் சிப்புக்குப் பெயர். கொலிகோ என்ற கம்பெனி முந்திக்கொண்டு ஆர்டர் கொடுத்ததால் அதற்கு முதலில் சிப் கிடைத்தது, டெல்ஸ்டார் என்ற மெஷின் அந்த வருடமே 10 லட்சத்துக்கு மேல் போனது. மற்றவர்களுக்கும் சிப் கிடைத்தபோது கடை முழுக்க ஒரே கேம் வேறு வேறு பெட்டியில் நின்றது. 1977 முடிவதற்குள் அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள், பல கம்பெனிகள் தொழிலை விட்டே போயின. யார் வேண்டுமானாலும் செய்யலாம், எத்தனை செய்வது என்று கட்டுப்படுத்த யாரும் இல்லை, தேங்கினால் விலை விழும். ஆறு வருடம் கழித்து மெஷினுக்குப் பதில் கேசட்டை வைத்து இதே கதைதான் ஓடியது.

கேசட் யோசனையை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது அடாரி இல்லை. 1976 நவம்பரில் ஃபேர்சைல்ட் கம்பெனி சேனல் எஃப் என்ற மெஷினை விட்டது, அதன் பொறுப்பு ஜெர்ரி லாசன் கையில். சிப்பை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, குழந்தைகள் ஆயிரம் தடவை செருகி உருவினாலும் கெடாமல் இருக்கிற இணைப்பை அதற்கு முன்னால் பொதுமக்கள் பொருளில் யாரும் செய்ததில்லை. ரிப்பேர் மேஜையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. ஃபேர்சைல்ட் சிப் கம்பெனி, கேம் செய்கிற ஆட்கள் அதிகம் இல்லை. அடுத்த வருடம் வந்த அடாரியிடம் அந்த ஆட்கள் இருந்தார்கள்.

வி.சி.எஸ்.-ஐத் திறந்து பார்த்தால் முக்கியமான சிப் மூன்றே மூன்று. 6507 பிராசஸர், படத்தையும் சத்தத்தையும் பார்த்துக்கொள்கிற டி.ஐ.ஏ., அப்புறம் மெமரியும் டைமரும் சேர்ந்த ஒன்று. மொத்த மெமரி 128 பைட். இன்று யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் பிடிக்கும், ஆக 42 குறி, அதாவது ஒரு சின்ன வரி எழுதினாலே அந்த மெஷினின் மெமரி நிரம்பிவிடும். திரை முழுவதையும் வைத்துக்கொள்ள இடம் இல்லாததால், டிவியின் ஒவ்வொரு கோடும் வரையப்படும்போதே புரோகிராம் அடுத்த கோட்டுக்கு என்ன வேண்டும் என்று சிப்புக்குச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 76 கிளாக் துடிப்பு, அதாவது ஒரு சில கட்டளைகளை மட்டும் ஓட்டுகிற நேரம். வன்பொருளில் கொடுத்திருப்பது இரண்டு ஆட்டக்காரர், இரண்டு குண்டு, ஒரு பந்து, பின்னணி. பாங், டாங்க் மாதிரி கேம்களை மனதில் வைத்துச் செய்தது அப்பட்டமாகத் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், விலையைக் குறைக்க மெஷினிலிருந்து எடுத்ததெல்லாம் புரோகிராமர் தலைக்குப் போய்விட்டது. அதே இரண்டு ஆட்டக்காரரை வைத்துத் திரை முழுக்க வேற்றுக்கிரகப் படையைக் காட்டுகிற வித்தை எந்தச் சர்க்யூட்டிலும் இல்லை, ஒரு கைவிரலால் எண்ணிவிடக்கூடிய சில பேரின் அனுபவத்தில் இருந்தது. 1980-இல் டைட்டோ என்ற ஜப்பானியக் கம்பெனியிடம் உரிமம் வாங்கிப் போட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேசட்டுக்காகவே ஜனங்கள் மெஷின் வாங்கினார்கள். கம்பெனியின் உண்மையான முதலீடு அந்தச் சில பேர்தான். அதை கம்பெனி உணரவில்லை.

1976-இலேயே அடாரியை வார்னர் கம்யூனிகேஷன்ஸ் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது, 1978-இல் ஜவுளித் தொழிலிலிருந்து வந்த ரே கஸார் தலைமைக்கு வந்தார். 1979-இல் எந்த கேம் எவ்வளவு விற்றது என்ற பட்டியல் ஒன்று உள்ளே சுற்றுக்கு வந்தது. டேவிட் கிரேன், லாரி கேப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் நால்வரும் கூட்டிப் பார்த்தால், தாங்கள் செய்த கேம்கள்தான் கேசட் விற்பனையில் சுமார் 60 சதவீதம், தங்கள் சம்பளமோ வருடத்துக்கு 20, 30 ஆயிரம் டாலர். கிரேன் பிற்காலத்தில் பல இடங்களில் சொன்ன கணக்கு இது, ஒரு தரப்பின் நினைவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் கேட்டது பெட்டியில் பெயரும் விற்பனையில் ஒரு பங்கும், கிடைத்தது மறுப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தச் சமயத்தில் அடாரி கேசட்டில் செய்தவர் பெயரே போடமாட்டார்கள். வாரன் ராபினெட் அட்வென்ச்சர் கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி அதில் தன் பெயரை ஒளித்து வைத்தது அந்த ஆற்றாமையில்தான். நால்வரும் வெளியே போய் ஜிம் லெவியோடு சேர்ந்து 1979 அக்டோபரில் ஆக்டிவிஷன் தொடங்கினார்கள். மெஷின் செய்யாமல் அடுத்தவன் மெஷினுக்குக் கேசட் மட்டும் செய்கிற முதல் கம்பெனி அது. அடாரி வழக்குப் போட்டது, 1982-இல் ராயல்டி பேசி முடித்துக்கொண்டது. மெஷினில் பூட்டும் இல்லை, கோர்ட்டிலும் தடுக்க முடியவில்லை என்றானபின் கதவு அகலத் திறந்துவிட்டது. இமாஜிக் மாதிரி நல்ல கம்பெனிகளும் வந்தன, ஓட்ஸ் விற்கிற குவேக்கர் ஓட்ஸ் கூட ஒரு கேம் கம்பெனியை வாங்கிப் போட்டது.

இங்கே பல கட்டுரைகள் "மோசமான கேம்கள் பெருகின, ஜனங்கள் வெறுத்துவிட்டார்கள்" என்று எழுதி முடித்துவிடும். அது பொய் இல்லை, ஆனால் காரணம் அதற்கும் ஒரு படி கீழே இருக்கிறது, அந்தக் கேசட்டுக்குள்ளேயே. கேசட்டில் இருப்பது மாஸ்க் ரோம் என்ற வகைச் சிப். உங்கள் புரோகிராமைச் சிப் தொழிற்சாலையிலேயே பதித்துத் தருவார்கள். ஒன்றின் விலை மலிவு, ஆனால் ஆயிரக்கணக்கில்தான் ஆர்டர் எடுப்பார்கள், வர வாரக்கணக்கில் ஆகும், பதித்ததை அழிக்க முடியாது. இதன் வலி எனக்குத் தெரியும். என் வேலையின் ஆரம்ப வருடங்களில் ஒரு வாஷிங் மெஷின் போர்டுக்கு இப்படிப் பதித்த சிப் 10 ஆயிரம் ஆர்டர் போட்டோம், பத்து வாரம் காத்திருந்தோம், வந்தபின் பார்த்தால் துணி பிழிந்து முடிந்ததும் அடிக்கிற பஸ்ஸர் நிற்கவில்லை. ஒரு வரி பிழை. அந்தப் பத்தாயிரமும் ஊசி மாதிரி கால் நீட்டிக்கொண்டு பிளாஸ்டிக் குழாய்களில் அலமாரியில் கிடந்தன, வேறு எதற்கும் ஆகாது. பிழைகூட வேண்டாம், ஜனங்கள் அந்த கேமை விரும்பவில்லை என்றாலே போதும், கேசட் முழுவதும் அதே கதிதான்.

அப்படிப்பட்ட சரக்கை எத்தனை செய்வது என்று முடிவெடுக்கத்தான் நல்ல தகவல் வேண்டும். 1981 வரை அடாரி கேட்டதைவிடக் குறைவாகவே சப்ளை செய்துகொண்டிருந்தது, அதனால் டிஸ்ட்ரிபியூட்டர்கள் 100 வேண்டுமென்றால் 200 எழுதிப் பழகிவிட்டார்கள். 1981 கடைசியில், 1982 முழு வருடத்துக்கும் இப்போதே ஆர்டர் எழுதுங்கள் என்று அடாரி கேட்டது. கிடைக்காமல் போய்விடுமோ என்று எல்லோரும் இஷ்டத்துக்கு ஏற்றி எழுதினார்கள், அடாரி அதை நிஜத் தேவை என்று நம்பிச் செய்து தள்ளியது. 1982-இல் போட்டிக் கம்பெனிகளின் கேசட்டும் குவிந்தபோது ஆர்டர்கள் ரத்தாகி, அனுப்பிய சரக்கு திரும்பி வந்தது. ஸ்டாக் கணக்குப் பார்க்கிற எவருக்கும் இது தெரிந்த நோய்தான், கடையில் ஒரு சின்ன அசைவு தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது பேரலையாகிவிடும். 1982 டிசம்பர் 7 அன்று, லாபம் எதிர்பார்த்த அளவு வளராது என்று வார்னர் அறிவித்தது, மறுநாள் அதன் பங்கு மூன்றில் ஒரு பங்கு சரிந்தது.

அடுத்தது சின்னக் கம்பெனிகள். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் கடையில் இடம் வாங்கியிருந்தன. கடைக்காரர் திருப்ப வந்தபோது கையில் பணம் இல்லை, பல கம்பெனிகள் இழுத்து மூடிவிட்டன. கடைக்காரர் என்ன செய்வார்? 35 டாலர் கேசட்டை ஒரு தொட்டியில் கொட்டி 5 டாலர் என்று எழுதி வைத்தார். பக்கத்து அலமாரியில் ஆக்டிவிஷனின் நல்ல கேம் முழு விலையில் நிற்கிறது. பையனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க வந்த அம்மா தொட்டியில் கையை விடத்தானே செய்வார். செத்துப்போன கம்பெனியின் சரக்கு உயிரோடிருந்த கம்பெனியைக் கொன்றது. என் பார்வையில் 1983-இன் மையம் இந்தத் தொட்டிதான்.

ஈ.டி. பற்றிக் கேட்டீர்கள். அதே பெயரில் வந்த ஸ்பீல்பெர்க் படத்தை வைத்து அடாரி போட்ட கேம் அது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்கு அதைச் செய்யக் கிடைத்தது ஐந்து வாரம், பட உரிமத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது, சுமார் 40 லட்சம் கேசட் அடித்தார்கள், பெரும்பகுதி விற்கவில்லை. இதெல்லாம் 1982 கிறிஸ்துமஸ் சமயம், பங்கு சரிந்த அறிவிப்பும் அதே டிசம்பரில் வந்துவிட்டது, அதற்கு விதை போட்ட ஆர்டர் புத்தகம் ஒரு வருடம் பழையது. ஆகவே ஈ.டி. ஒரு அறிகுறி, நோய் முன்னமே இருந்தது. நியூ மெக்ஸிகோவில் அலமகோர்டோ குப்பைமேட்டில் லட்சக்கணக்கான ஈ.டி. புதைத்தார்கள் என்ற கதையையும் திருத்திக்கொள்ளலாம். 2014 ஏப்ரலில் தோண்டியபோது சுமார் 1,300 கேசட் வெளியே எடுத்தார்கள், அதில் ஈ.டி.யோடு வேறு பல கேம்களும் இருந்தன. புதைத்தது மொத்தம் 7 லட்சத்துச் சொச்சம், பல கேம் கலந்தது என்பது அடாரியில் இருந்தவர் சொன்ன கணக்கு. அதேபோல மெஷின் எண்ணிக்கையைவிட அதிகமாக 1 கோடியே 20 லட்சம் பேக்-மேன் கேம் கேசட் அடித்தார்கள் என்ற எண்ணையும் நான் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்வதில்லை. 70 லட்சத்துக்கு மேல் விற்றது, அப்படி விற்றும் மிஞ்சியது என்பது வரை சரி. அமெரிக்காவில் 1983-இல் 320 கோடி டாலராக இருந்த சந்தை 1985-இல் 10 கோடிக்கு இறங்கியது என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். துல்லியம் எப்படியோ, விழுந்தது அதல பாதாளத்தில்தான், ஆனால் அமெரிக்காவில் மட்டும்.

இந்த "அமெரிக்காவில் மட்டும்" என்பதுதான் என் வாதத்துக்குப் பலம். அதே வருடங்களில் பிரிட்டனில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கணினிகளுக்கு யார் வேண்டுமானாலும் கேம் போட்டார்கள், எந்தப் பூட்டும் இல்லை, குப்பை கேம்களுக்கும் குறைவில்லை. 1984-இல் மாஸ்டர்ட்ரானிக் ஒரு பவுண்டு 99 பென்னிக்கே கேம் விற்க ஆரம்பித்தது. அங்கே அமெரிக்கா மாதிரி மொத்தமாக இடிந்து விழவில்லை. கம்பெனிகள் மூடின, சந்தை நின்றது. வித்தியாசம் என்ன? அங்கே கேம் வந்தது பாட்டு கேசட்டில், அசல் டேப்பில். ஒன்றுக்குச் சில பென்னிதான் செலவு, இந்த வாரம் ஆயிரம் பதியலாம், ஓடினால் அடுத்த வாரம் இன்னும் பதியலாம், ஓடாவிட்டால் நட்டம் சின்னது. கதவு திறந்திருப்பதே ஆபத்து என்று சொல்வது அதனால் தவறு என்று நினைக்கிறேன். திறந்த கதவும், முன்கூட்டியே மொத்தமாகச் செய்து வைக்க வேண்டிய சரக்கும் சேரும்போதுதான் ஆபத்து. இது என் வாசிப்பு, பொருளாதாரம் படித்தவர்கள் மறுத்தால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

இப்போது நின்டெண்டோ. அதன் வீட்டு மெஷினான ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென்னுக்கு வந்தது. தலைவர் யமவுச்சி பிராசஸர் சிப்பை 2,000 யென்னுக்குக் கேட்டார், ரிகோ கம்பெனி தயங்கியது, 30 லட்சம் சிப் நிச்சயமாக எடுத்துக்கொள்கிறோம் என்று அவர் வாக்குக் கொடுத்ததும்தான் ஒப்புக்கொண்டது. கவனியுங்கள், இங்கே சரக்கின் ஆபத்தை நின்டெண்டோ தன் தலையிலேயே தெரிந்தே ஏற்றிக்கொண்டது, பதிலுக்குக் குறைந்த விலையை வாங்கிக்கொண்டது. வெளியான கொஞ்ச நாளில் மெஷினில் கோளாறு தெரிந்தபோது விற்றதைத் திரும்பப் பெற்று போர்டை மாற்றிக்கொடுத்தது. அதுவும் பெரிய செலவு, ஆனால் கடைக்காரர் நம்பிக்கை போகவில்லை. 1984-இலிருந்து ஹட்சன், நாம்கோ போன்ற கம்பெனிகளை உரிமம் கொடுத்து உள்ளே விட்டது.

1985 அக்டோபரில் அமெரிக்காவில் நுழைந்தபோது வீடியோ கேம் என்று சொன்னாலே கடைக்காரர்கள் கும்பிடு போட்டு அனுப்பினார்கள். அதனால் மெஷினை வி.சி.ஆர். மாதிரி சாம்பல் பெட்டியாக்கினார்கள், கேசட்டுக்கு கேம் பாக் என்று பெயர், கூடவே ராப் என்ற ரோபோ பொம்மை. இதை எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது நியூயார்க் கடைகளோடு பேசிய பேச்சு: 90 நாள் கழித்துக் காசு கொடுத்தால் போதும், விற்காததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். இரண்டு வருடம் முன்னால் தொட்டி வைத்துக் கையைச் சுட்டுக்கொண்ட அதே கடைக்காரர்கள் அவர்கள். அவர்களுக்கு எந்த ரோபோவையும்விட அந்த வாக்கியம் முக்கியம்.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் பாரம் இடம் மாறியது. கேம் கம்பெனி நின்டெண்டோவிடம்தான் கேசட் செய்துகொள்ள வேண்டும், குறைந்தது 10 ஆயிரம், பணம் முன்கூட்டியே, விற்காவிட்டால் திருப்ப முடியாது. வருடத்துக்கு 5 கேம்தான், அந்த கேம் இரண்டு வருடத்துக்கு வேறு மெஷினில் வரக்கூடாது. வருடத்துக்கு ஐந்து என்றால் எந்த ஐந்து என்று கம்பெனியே யோசிக்கும், தன் காசை முன்னால் கட்டினால் பத்தாயிரமா ஒரு லட்சமா என்று பத்து தடவை கணக்குப் போடும். கொனாமி அல்ட்ரா கேம்ஸ் என்று இன்னொரு பெயரில் கம்பெனி வைத்து ஐந்தைப் பத்தாக்கிக்கொண்டது வேறு கதை. இந்த ஒப்பந்தத்துக்குக் காவல் நின்றது 10என்.இ.எஸ். என்ற பூட்டுச் சிப். மெஷினில் ஒன்று, கேசட்டில் ஒன்று, இரண்டும் ஒரே தாளத்தில் பேசிக்கொள்ள வேண்டும். தாளம் தப்பினால் மெஷின் நொடிக்கொரு தடவை ரீசெட் ஆகி சிவப்பு விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருக்கும். தொழில்நுட்பமாக எளிமையான விஷயம்தான். அந்தச் சிப் இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தம் வெறும் காகிதம்.

பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளிலேயே பார்த்தோம். ஜப்பானிய ஃபேமிகாமில் இந்தச் சிப் கிடையாது. 90-களில் இங்கே வந்து குவிந்த மெஷின்கள் அதன் நகல்கள், அந்த மஞ்சள் கேசட்களும் அதே 60 முள் அமைப்புதான். திறந்தால் உள்ளே சிப்புக்குப் பதில் போர்டின் மேல் ஒரு கருப்புப் பசைத்துளி, அட்டையில் 9999 கேம், ஓட்டிப் பார்த்தால் சில பத்து கேம்களே திரும்பத் திரும்ப வரும். நின்டெண்டோவுக்கு அதில் ஒரு பைசா போகவில்லை, ஆனால் மாரியோ நமக்குத் தெரிய வந்தது அந்த நகல்களால்தான். அப்புறம், ஓடாத கேசட்டை எடுத்து ஊதினோமே, அது வேண்டாத வேலை. எச்சில் ஈரம் பட்டு முள் கறுத்துத்தான் போகும். மறுபடி செருகியதால்தான் ஓடியது. பென்சில் அழிப்பானால் தேய்த்துத் துடைத்துத்தான் கடையில் நான் நூற்றுக்கணக்கான கேசட்டைச் சரி செய்தேன்.

நின்டெண்டோ முறை எல்லோருக்கும் நல்லது செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1988-இல் ரோம் சிப் தட்டுப்பாடு வந்தபோது யாருக்கு எத்தனை கேசட் என்று பங்கு போட்டதும் நின்டெண்டோதான், சின்னக் கம்பெனிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. டெங்கன் கம்பெனி அந்தப் பூட்டை உடைத்து வழக்கில் இறங்கியது, உடைப்பதற்கான விவரத்தை அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்திலிருந்து முறைகேடாக வாங்கியிருந்ததால் தோற்றது. கடைகள் விலையைக் குறைக்கக்கூடாது என்று கட்டாயப்படுத்தியதாக வந்த புகாரில் 1991-இல் நின்டெண்டோ, மெஷின் வாங்கியவர்களுக்கு 5 டாலர் கூப்பன் கொடுத்துச் சமாதானமானது. கேம் செய்கிறவன் பக்கம் நின்று பார்த்தால் அது கடுமையான எஜமான். தேக்கம் வரவில்லை என்பதும் உண்மை.

அடாரியிடம் பூட்டு இருந்திருந்தால் தப்பித்திருக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முழுதாகத் தப்பித்திருக்காது என்றே நினைக்கிறேன், ஏற்றி எழுதிய ஆர்டரை நம்பியது அதன் சொந்தத் தவறு, அதற்குப் பூட்டு மருந்தில்லை. ஆனால் அந்தத் தொட்டி வந்திருக்காது. அடாரியும் பாடத்தைப் படிக்காமல் இல்லை. 1984 மே மாதம் அது காட்டிய 7800 என்ற அடுத்த மெஷினில், கேசட்டுக்குள் சரியான டிஜிட்டல் கையெழுத்து இல்லாவிட்டால் 7800-இன் திறன் திறக்காது. பழைய 2600 கேசட்டும் அதில் ஓடும். ஜூலையில் வார்னர் அடாரியின் வீட்டு மெஷின் பிரிவை, கொமடோர் கணினிக் கம்பெனியைத் தொடங்கிய ஜாக் டிராமியலுக்கு விற்றது, மெஷின் கிடங்கில் கிடந்தது. 1986-இல் கடைக்கு வந்தபோது பூட்டு அப்படியே வேலை செய்தது, உள்ளே விடத்தான் ஆள் இல்லை. நல்ல கேம் செய்கிற கம்பெனிகள் நின்டெண்டோவின் இரண்டு வருட நிபந்தனையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தன.